லூர்துசெல்வி ஓட்டிய தவளை

என் தங்கை லூர்துசெல்விக்குப் பயம் வந்தால் சிரிப்பு வரும். சந்தோஷம் வந்தாலும் சிரிப்புத்தான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். பயச் சிரிப்பில் விக்கல் சேர்ந்து வரும். புதுநன்மை என்னும் முதல் நற்கருணை வாங்கப் பீடத்தின் முன் நின்றபோது அவள் விக்கிய விக்கலில் சாமியார் கையிலிருந்த கிண்ணமே ஆடியது. கோவில் பாட்டுக் குழுவில் சேர்த்தார்கள். துக்கப் பாட்டுக்கும் சிரித்தாள் என்று அடுத்த வாரமே எடுத்துவிட்டார்கள்.

இப்படிப்பட்டவள்தான் ஏற்காடு மலைப்பாதையில் வண்டி ஓட்டிய முதல் பெண் என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் அப்படி எழுதக்கூடாது. வெள்ளைக்கார எஸ்டேட் அம்மாக்கள் சிலர் அவளுக்கு முன்னால் கார் ஓட்டியிருக்கிறார்கள். டிரெய்லர் மாட்டி, அரிசி மூட்டை ஏற்றி, கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் ஏறியவள் அவள்தான் என்று வேண்டுமானால் சொல்லலாம். அதை யாரும் மறுத்ததில்லை.

எனக்குக் கடைவீதியில் தையல் கடை. மலைமேல் இருந்த கன்னியர் மடத்துக்கும் அதன் விடுதிப் பிள்ளைகளுக்கும் துணி தைப்பவன் நான். தங்கைக்கு அதே மடத்தில் சமையல்கட்டு வேலை. மடத்துக்குப் பின்பக்கம் திறந்த ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. ஊரைவிட்டுப் போன எஸ்டேட்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது. பச்சை நிறம், முன்னால் பிதுங்கிய இரண்டு விளக்குகள். பிள்ளைகள் அதற்குத் தவளை என்று பெயர் வைத்தார்கள். நாளடைவில் மடத்துத் தலைவியான மதரும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார். மாதம் ஒருமுறை அதன் பின்னால் இரண்டு சக்கர டிரெய்லரை மாட்டி, சேலம் லீ பஜாருக்குப் போய் விடுதிக்கு அரிசி கொண்டுவருவார்கள்.

ஓட்டியவர் சிங்கராயர். முழங்கால் வலியில் கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் "சர்வேசுரா!" என்பார். மலையேறி முடிப்பதற்குள் ஒரு செபமாலை அளவுக்குச் சர்வேசுரனைக் கூப்பிட்டுவிடுவார். முட்டைக் கூடையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வந்த லூர்துசெல்வி, ஒருநாள், "ஏனுங்க மாமா, நீங்க வளைச்சா போதுமுங்க, கிளட்ச நான் மிதிக்கறேன்" என்றாள். அப்படி ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் அவள் வளைத்தாள், அவள் மிதித்தாள், அவர் முட்டைக் கூடையைப் பிடித்துக்கொண்டார். லைசன்ஸ் வாங்கச் சேலத்துக்குப் போனபோது அதிகாரி, "ஏம்மா சிரிக்கறே?" என்று கேட்டாராம். "பயமா இருக்குதுங்க சார்" என்றாளாம். அவரும் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சிங்கராயர் ஓய்வு பெற்றதும் மதர் அவளை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தார். ஆனால் சோதனைக்குத்தான்.

அது 1984, காப்பி பூக்கும் காலம். தவளைக்கு அப்போது ஒரு நோய் வந்திருந்தது. டிரெய்லர் இல்லாமல் போனால் ஒன்றும் செய்யாது. டிரெய்லரை மாட்டி மலை ஏறினால் பாதி வழியில் கொதித்துவிடும். சூடு காட்டும் முள் கடைசிக் கோட்டைத் தாண்டும், முன்னால் ஆவி சீறும், வண்டியை ஓரங்கட்ட வேண்டியதுதான். பாதிமலையில் ஒரு வளைவில் பாறையிலிருந்து தண்ணீர் வடியும். தவளை அங்கேதான் நிற்கும் என்பது ஊருக்கே தெரிந்துபோனது. அந்த இடத்தில் ஆராயி என்கிற அம்மாள் கொய்யாப்பழக் கூடை வைத்து வியாபாரமே தொடங்கிவிட்டாள்.

கடைவீதி மெக்கானிக் ராஜேந்திரன் பார்த்துவிட்டு, "எஞ்சின எறக்கணுமுங்க மதர். எறக்கற செலவுக்கு நீங்க வேற வண்டியே வாங்கிப்போடலாம்" என்றான். மதர் யோசித்தார். சனிக்கிழமை சாயங்காலம் வந்து பார்க்கும்படி சேலத்துப் பழைய இரும்புக்காரருக்குச் சொல்லி அனுப்பினார். பிறகு தங்கையைக் கூப்பிட்டார். நான் விடுதிப் பிள்ளைகளுக்குப் பாவாடை அளவெடுக்கப் போயிருந்ததால் பக்கத்திலேயே நின்றேன்.

"லூர்து, சனிக்கிழமை காலையில அரிசிக்குப் போகணும். நானும் வர்றேன். கொதிக்காம மேல வந்துச்சுன்னா வண்டி இருக்கட்டும், நீ ஓட்டு. கொதிச்சா, இரும்புக்காரர் எடுத்துட்டுப் போகட்டும். நீ சமையக்கட்டுக்குத் திரும்பிரு. அதுவும் தேவ ஊழியந்தான்."

"சரிங்க மதர்" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். விக்கலும் வந்தது. சமையல்கட்டு தேவ ஊழியமாக இருக்கலாம். ஆனால் என் தங்கைக்கு அந்தச் சீட்டில் உட்கார்ந்தால்தான் முதுகு நிமிர்ந்தது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். அவள் தவளையின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். தோட்டக்காரர் சின்னன் டிரெய்லரைச் சுற்றிச் சுற்றி வந்தார். வெள்ளக்கடை கிராமத்துக்காரர், மடத்துப் பூச்செடிகளுக்கெல்லாம் பெயர் சொல்லிப் பேசுகிறவர்.

"சாமி, வண்டிக்கு ஒண்ணும் இல்ல. இந்த டிரெய்லருக்குத்தான் காத்து புடிச்சிருக்குது. இத மாட்டுனாத்தானே கொதிக்குது?" என்றார் சின்னன்.

"அதையும் பாத்துருவோமுங்க" என்றாள் தங்கை.

டிரெய்லரை ஜாக்கி வைத்துத் தூக்கினோம். சக்கரத்தை ஒரு விரலால் தள்ளினாள். பம்பரம் போலச் சுற்றியது. மற்றதும் அப்படியே. பிரேக் எங்கும் உரசவில்லை. டிரெய்லர் மேல் இருந்த பழி அத்தோடு போனது. மின்விசிறி பெல்ட்டை அழுத்திப் பார்த்தாள், இறுக்கமாகத்தான் இருந்தது. தண்ணீர் நிறைய இருந்தது. ரேடியேட்டர் மூடியின் ரப்பரைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணா, மேட்டுல ஏறுறப்ப மட்டும் ஒருத்தனுக்கு மூச்சு வாங்குனா, நோவு மேட்டுலயா இருக்கும்? நெஞ்சுலதானே இருக்கும்?" என்றாள்.

"இருக்கும்."

"இதுக்கு நெஞ்சு எது?"

எனக்கு எங்கே தெரியும். எனக்குத் தெரிந்த நெஞ்சு எல்லாம் இஞ்சு டேப்புக்கு அடங்குவது.

டிரெய்லரில் விறகை நிறைய ஏற்றி, மடத்துக்குப் பின்னால் இருந்த ஏற்றத்தில் இரண்டு முறை போய்வந்தாள். முள் ஏற ஆரம்பித்ததும் எஞ்சினை அணைத்தாள். முன் தகரத்தைத் தூக்கி, ரேடியேட்டர் மேல் கையை வைத்து மெல்ல நகர்த்தினாள். ரேடியேட்டர் என்பது வேறொன்றுமில்லை. எஞ்சினில் சுட்ட தண்ணீர் மேலே வந்து, மெல்லிய குழல்கள் வழியாக இறங்கி, காற்றுப் பட்டு ஆறித் திரும்பும் சல்லடை. அதன் முகம் முழுவதும் ஒரே மாதிரி சுட வேண்டும்.

"ஐயோ அம்மா!" என்று கையை உதறினாள். அடுத்த இடத்தில் வைத்தாள். சிரித்தாள். "அண்ணா, இங்க வைங்க. பாதி இட்லிப்பானை, பாதி பச்சத்தண்ணி!"

வைத்துப் பார்த்தேன். மெய்தான். ஒரு ஓரம் தொட முடியாமல் சுட்டது. நடுவிலும் கீழேயும் ஜில்லென்று இருந்தது.

"சுடுதண்ணி அங்கெல்லாம் போகவே இல்லீங்க. குழலு அடைச்சிருக்குது. சும்மா போறப்ப இந்த ஓரம் மட்டுமே போதும். டிரெய்லர இழுக்கறப்ப சூடு அதிகம், இந்த ஓரம் போதாது. அதுதான் கொதிக்குது!" என்று குதித்தாள்.

அடைத்திருப்பது எது என்று பார்க்கக் கீழே இருந்த திருகைத் திறந்தாள். தண்ணீர் வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினாள். களி போல ஏதோ ஒன்று வெளியே எட்டிப் பார்த்து, யோசித்து, பொத்தென்று அவள் உள்ளங்கையில் விழுந்தது. துருவின் சிவப்பு மேலே. விரலால் பிளந்தால் உள்ளே நல்ல மஞ்சள்.

முகர்ந்து பார்த்தாள். எனக்கும் நீட்டினாள்.

"இது..." என்றேன்.

"சொல்லாதீங்க அண்ணா. எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவ ஆவி வர்றப்பவும் குழம்பு வாசம் அடிச்சுது. நான் சமையக்கட்டுக்காரி, என்ர சேலை வாசம்னு இருந்துட்டேன்" என்றாள்.

மஞ்சள் தூள். ரேடியேட்டரில் ஊசி ஓட்டை விழுந்து நீர் கசிந்தால், ஒரு கைப்பிடி மஞ்சள் தூளைப் போடுவது நம் பக்கத்து டிரைவர்களின் வழக்கம். அது ஊறி ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும், ஊர் போய்ச் சேரலாம். ஆனால் தவளையின் வயிற்றில் இருந்தது ஒரு கைப்பிடி அல்ல. ஒரு கல்யாணத்துக்கு ஆகும்.

செய்தி மதருக்குப் போனது. சிங்கராயரை வீட்டிலிருந்து கூட்டிவந்தார்கள். முற்றத்தில் எல்லோரும் கூடினோம். "யார் போட்டது?" என்றார் மதர்.

சிங்கராயர் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "நானுங்க மதர். ஓட்டைக்குப் போட்டேன். ஒரே ஒருக்கா. மாதா மேல சத்தியம்."

"ஒரு தடவைக்கு இவ்வளவா?"

சரக்கறைப் பொறுப்பில் இருந்த சிஸ்டர் செல்வமேரி மெல்ல முன்னால் வந்தார். "சிங்கராயர் போட்ட அன்னைக்கு வண்டி நல்லாப் போச்சுங்க மதர். சரி, வண்டிக்கு மஞ்சள் ஒத்துக்குதுன்னு, சேலம் போறப்பல்லாம் ஒரு கரண்டி போட்டேன். சூட்டுக்கு நல்லதுதானேன்னு..."

"போறப்பல்லாமா?"

"கொதிக்க ஆரம்பிச்சதுக்கப்புறம் ரெண்டு கரண்டிங்க மதர்."

இப்போது சின்னனின் முறை. "நம்முளுது நோம்பி நாளுக்கு மட்டுமுங்க. எல்லா வண்டிக்கும் மஞ்சப் பூசுறாங்க, பொட்டு வெக்கறாங்க, இதுக்கு மட்டும் ஒண்ணும் இல்லையேன்னு மனசு கேக்கல. மேல பூசுனா மழையில போயிருது, சிஸ்டரும் வைவாங்க. அதுதான் உள்ளயே போட்டுட்டேனுங்க. கும்புட்டுத்தான் போட்டேன்."

சிங்கராயர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்குவது தெரிந்தது.

"நானுந்தாங்க மதர்" என்றாள் என் தங்கை. "போன மாசம், ஆராயி அக்கா கடைகிட்ட. யாருக்கும் தெரியாமப் போட்டேன்."

கொதித்தால் போடுவது, போட்டால் அடைப்பது, அடைத்தால் கொதிப்பது. ஒருவருக்கும் மற்றவர் போட்டது தெரியாது. எல்லோரும் அவரவர் அன்புக்குப் போட்டதுதான். மதர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நின்றோம். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சிலுவையைத் தொட்டு, "பிஷப் வந்த அன்னைக்கு, ஒரு ஸ்பூன்" என்றார்.

அதற்குப் பிறகு ஒருவர் பேசியது ஒருவருக்குக் கேட்கவில்லை. சிங்கராயர் தரையில் உட்கார்ந்துவிட்டார். சிஸ்டர் செல்வமேரிக்குக் கண்ணாடி கழன்று விழுந்தது. லூர்துசெல்வி தவளையின் முன்தகரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் விக்கல் இல்லை. கவனித்தேன்.

ரேடியேட்டரைக் கழற்றித் தலைகீழாக நிறுத்தினோம். மேட்டுத் தொட்டியிலிருந்து தோட்டத்து ரப்பர்க் குழாயைக் கொண்டுவந்து, தண்ணீர் எந்த வழியாக வெளியே போகுமோ அந்த வழியாக உள்ளே விட்டாள். அடைத்துக்கொண்டு போனதை எதிர்ப்பக்கமிருந்து தள்ளினால்தான் வரும் என்றாள். முதலில் ஒன்றும் வரவில்லை. ரேடியேட்டர் உறுமியது. சின்னன் நன்றாகப் பார்க்கலாம் என்று குனிந்தார்.

அந்த நேரம் பார்த்து அது உமிழ்ந்தது. சின்னனைத் தாண்டி, கல்லடுக்குச் சுவரைத் தாண்டி, கொடியில் காய்ந்துகொண்டிருந்த கன்னியர் உடுப்புகள் மேல் போய் விழுந்தது. அத்தனையும் நான் தைத்தது. வெள்ளை வெளேரென்று இருந்தவை ஒரு நொடியில் சாமந்திப் பூப்போல ஆயின. சிஸ்டர் செல்வமேரி ஓடிப்போய்ச் சோப்புப் போட்டுக் கசக்கினார். மஞ்சளில் சோப்புப் பட்டால் என்ன ஆகும் என்று அவருக்கு அந்த அவசரத்தில் நினைவில்லை. எல்லாம் சிவப்பாகிவிட்டது.

"மதர், அடுத்த ஞாயிறு பூசைக்கு நம்ம மடத்துல கல்யாணமுன்னு சொல்லீரலாமுங்க" என்றார் சிங்கராயர்.

தண்ணீர் தெளிந்து வரும்வரை மாற்றி மாற்றி அலசினாள். குழல்கள் எல்லாவற்றிலும் நீர் ஓடியது. ஆனால் மஞ்சள் போனதும் பழைய ஊசி ஓட்டை கண் திறந்தது. நூல் போல ஒரு பீச்சல். சிஸ்டர் செல்வமேரி அதைப் பார்த்தார், திரும்பினார், சரக்கறைப் பக்கம் வேகமாக நடந்தார்.

"சிஸ்டர்!" என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினோம்.

"வேற சோப்பு எடுக்கப் போறேங்க!" என்றார் அவர்.

நானும் தங்கையும் ரேடியேட்டரை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு ராஜேந்திரனிடம் போனோம். நடந்ததைக் கேட்டு அவன் தரையில் புரளாத குறை. "என்னைய நம்பி எஞ்சின எறக்கியிருந்தா மதர் என்னைய மலைய உட்டே எறக்கியிருப்பாங்க. நானும் ஊர்ப்பட்ட வண்டிக்கு மஞ்சத்தூளு போட்டவன்தான் புள்ள" என்றான். ஈயத்தை உருக்கி ஓட்டைக்குப் பற்று வைத்து, தண்ணீரில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்து, கூலி வேண்டாம் என்று அனுப்பினான்.

சனிக்கிழமை இறங்கினோம். மதர் முன்சீட்டில், நான் பின்னால். லீ பஜாரில் டிரெய்லர் நிறைய அரிசி, பிக்கப்பில் பருப்பும் எண்ணெய் டின்னும். பருப்பு மூட்டைகள் மேல் உட்கார்ந்துகொண்டேன். முன்சீட்டுக்கும் எனக்கும் நடுவே கண்ணாடி இல்லாத ஒரு ஜன்னல் இருந்ததால் முள் எனக்கும் தெரிந்தது.

அடிவாரத்தில் முள் பாதிக்குக் கீழே. மூன்றாவது வளைவில் பாதி. மதர் செபமாலையை எடுத்தார். தங்கை இரண்டாவது கியரிலேயே அவசரப்படாமல் ஏற்றினாள். வழியெல்லாம் காப்பிப்பூ வாசம்.

தண்ணீர் வடியும் வளைவு வந்தது. ஆராயி தூரத்திலேயே பார்த்துவிட்டு, பழங்களைத் துடைத்து அடுக்கி, தராசைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள். மதர் இறங்கத் தயாராகக் கதவின் கைப்பிடியைப் பிடித்தார். வண்டி நிற்கவில்லை.

"ஏனுங்க! ஏனுங்க மதர்! நிக்காமப் போறீங்க?" என்று ஆராயி கத்தினாள். "தவளைக்கு என்ன கொள்ளை வந்துச்சு இன்னைக்கு!"

"கொதிக்கலீங்க அக்கா!" என்று நான் மூட்டை மேல் எழுந்து நின்று கூவினேன். வளைவு என்னை மறுபடி உட்காரவைத்தது.

ஆனால் இன்னும் மேலே போனதும் எங்களுக்கு முன்னால் ஒரு பஸ் ஏறிக்கொண்டிருந்தது. ஆமை போல ஊர்ந்தது, முந்த வழியில்லை. தவளை அதன் பின்னால் முதல் கியரில் முனகிக்கொண்டு நகர்ந்தது. எதிர்க்காற்று இல்லை. முள் பாதியைத் தாண்டியது. முக்காலைத் தொட்டது. லூர்துசெல்வி சிரிக்க ஆரம்பித்தாள்.

விக்கல்.

"சிரிக்காத, லூர்து" என்றார் மதர்.

"முடியலீங்க மதர்." விக்கல்.

"அருள் நிறைந்த மரியே" என்று மதர் உரக்கச் சொன்னார். "சர்வேசுரனுடைய மாதாவே" என்று நான் பின்னாலிருந்து பதில் சொன்னேன். நடுவில் விக்கல். பஸ்ஸின் பின்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செபம் சொல்லும் மதர், சிரித்துச் சிரித்து விக்கும் டிரைவர், பருப்பு மூட்டை மேல் கைகூப்பிய ஆள்.

முள் முக்காலில் நின்றது. அங்கேயே நின்றது. ஒரு வளைவு போனது, அடுத்ததும் போனது, முள் அசையவில்லை. ஒரு அகலமான இடத்தில் பஸ் ஒதுங்கியது. தங்கை கியரை மாற்றினாள். காற்று முன்னால் மோதியது. முள் எங்கள் கண் முன்னாலேயே, யாரோ மெல்ல இழுப்பது போல, பாதிக்கு இறங்கியது.

மதர் செபமாலையைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "நிறுத்தாதே. ஏரியை ஒரு சுத்துச் சுத்திட்டுப் போ" என்றார்.

"டிரெய்லரோடங்களா?"

"டிரெய்லரோடதான்."

படகுத்துறையில் நின்றவர்கள் கை காட்டினார்கள். மதரும் கை காட்டினார். கடைவீதியில் ராஜேந்திரன் ஸ்பேனரைத் தலைக்கு மேல் சுழற்றினான்.

மடத்து முற்றத்தில் பழைய இரும்புக்காரர் சீக்கிரமே வந்து காத்திருந்தார். தவளை ஆவி இல்லாமல் உள்ளே நுழைந்ததைப் பார்த்து எழுந்து நின்றார். மதர் இறங்கினார். "உங்கள வீணா வரவெச்சுட்டோம். சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். சிங்கராயர் தவளையின் முன்விளக்கு இரண்டையும் தன் துண்டால் துடைத்தார். பிள்ளைகள் சுற்றிக்கொண்டு கத்தினார்கள்.

லூர்துசெல்வி மட்டும் இறங்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மூட்டைகளை இறக்கத் தொடங்கினோம், இறங்கவில்லை. சாப்பாட்டு மணி அடித்தது, இறங்கவில்லை. நான் ஜன்னலருகே போய், "என்ன கண்ணு, கால் மரத்துப்போச்சா?" என்றேன்.

"எறங்குனா யாராச்சும் சமையக்கட்டுக்குக் கூப்புட்டுருவாங்க அண்ணா. பழக்கத்துல நானும் போயிருவேன்" என்று காதோடு சொன்னாள்.

சிரித்துவிட்டு, தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். ரசம் ஊற்றும்போது மதர் வந்துவிட்டார். நான் தட்டை மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"என்ன, லூர்து, வண்டிக்குள்ள சாப்பாடு?"

"சமையக்கட்டுல ஆள் இல்லாம இருக்குமுங்களே மதர்... கூப்புடுவாங்கன்னுதான்..."

"ஆள் இல்லாம யாரு சமைச்ச சோறு அது?"

அவள் தட்டைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். யாரும் அதுவரை கேட்டுக்கொள்ளாத கேள்வி.

"வாழவந்தியிலிருந்து வெள்ளையம்மாள வரச்சொல்லி, நேத்தே வேலைக்குப் போட்டாச்சு" என்றார் மதர்.

லூர்துசெல்வியின் கையில் சோற்றுருண்டை அப்படியே நின்றது. "நேத்தாங்க? மலை ஏறுறதுக்கு முந்தியேங்களா? அப்ப கொதிச்சிருந்தா என்னங்க மதர் பண்ணியிருப்பீங்க?"

"சமையக்கட்டுல ரெண்டு பேர் இருந்திருப்பீங்க" என்றார் மதர். "சாப்பிட்டுட்டு டிரெய்லரைக் கழட்டி நிழல்ல விடு. செவ்வாய்க்கிழமை விறகுக்குப் போகணும்."

அவர் படியேறி உள்ளே போகும்வரை அடக்கிக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள். சோறு புரையேறி, ரசம் சேலையில் கொட்டி, நான் தலையில் தட்டத் தட்டச் சிரித்தாள். இரும்புக்காரர் கைகழுவிக்கொண்டே, "அந்தப் பொண்ணுக்கு என்னாச்சுங்க?" என்று என்னைக் கேட்டார்.

"என் தங்கச்சிங்க. மடத்து டிரைவருங்க" என்றேன்.